வாசுகியின் பெர்ஃபியும் சபாபதி மாமாவின் அண்டாவும்

வாசுகி என்ன வேலை செய்கிறாள் என்று பண்டார் தெங்காராவில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். மளிகைக் கடைக்காரர் டாக்டர் என்பார். எதிர்வீட்டு ஷாமளா அக்கா நர்ஸ் என்று அடித்துச் சொல்வார். பெற்ற தாய் ராஜம்மாவோ "லாப்ல இருக்கா" என்று சொல்லி, அடுத்த கேள்வி வருவதற்குள் பேச்சை மாற்றிவிடுவார். அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கல்யாணப் பந்தியில், மகளைப் பார்க்க வந்திருந்த ஒரு அம்மாளிடம் மகளின் ஆராய்ச்சியை விளக்கப் போய், வயிற்றுப்போக்கு என்ற சொல் சாம்பாரோடு சேர்ந்து பந்தி முழுக்கப் பரிமாறப்பட்டுவிட்டது. அந்த வரன் அதற்குப் பிறகு தலைகாட்டவில்லை. வாசுகிக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை.

உண்மையில் அவள் ஜோகூர் மாநிலத்தின் தலைநகரான ஜேபி பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவியாளர். தினமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டைப் பிளந்து போகும் சாலையில் காரை ஓட்டிக்கொண்டு போய், காற்றில்லாத ஜாடிகளுக்குள் ஒரு கிருமியை வளர்த்துவிட்டு வருகிறாள். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்பது அதன் முழுப்பெயர். அத்தனை நீளப் பெயரை யார் நாள் முழுக்கச் சொல்வது? லாப்பில் எல்லாருக்கும் அது பெர்ஃபி. அதற்குக் காற்று ஆகாது. காற்றில்லாத இடம் கிடைத்தால் கொண்டாட்டம், கூடவே நாற்றம். மாலையில் வீட்டுக்கு வந்தால் குளிக்காமல் அடுப்படிக்குள் நுழையக் கூடாது என்பது ராஜம்மாவின் சட்டம்.

பெர்ஃபியிடம் பல விஷங்கள் உண்டு. அவற்றில் ஒன்று மனிதர் வயிற்றுக்குள் போய்த்தான் வேலையைக் காட்டும். அந்த விஷத்தைச் செய்யும் குறிப்பு அதன் மரபணுவில் எழுதியிருக்கிறது. குறிப்பு இருக்கிறது என்பதற்காக அது சதா சர்வ காலமும் விஷத்தைக் கக்கிக்கொண்டிருப்பதில்லை. தடுப்பதற்கு உள்ளேயே ஆள் இருக்கிறது. அந்த ஆளின் மேல்தான் வாசுகிக்குக் காதல் என்றே சொல்லலாம். அது ஒரு சின்ன ஆர்என்ஏ. மற்ற ஆர்என்ஏக்களில் பெரும்பாலானவை மரபணுவின் குறிப்பைப் படியெடுத்துக்கொண்டு போய்ப் புரதம் செய்யக் கொடுக்கும். இது எந்தப் புரதத்தையும் செய்யாது. தானே ஒரு துண்டாக நின்று, மற்ற மரபணுக்களிடம் 'இப்ப வேணாம்' என்கிறது. அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்தச் சின்ன ஆர்என்ஏ எழுதப்படும் இடத்தை மட்டும் வெட்டியெடுத்த ஒரு பெர்ஃபியை டாக்டர் நோராய்னி அவளிடம் வளர்க்கக் கொடுத்தார். டாக்டர் நோராய்னிதான் லாப்பின் தலைவர். சிரித்த முகம், ஆனால் ஒரு குழாயில் தேதி எழுத மறந்தால் அந்தச் சிரிப்பைத் தேடவேண்டியிருக்கும். வெட்டிய பெர்ஃபி கட்டவிழ்த்துவிட்ட மாடு மாதிரி ஆகிவிட்டது. சூட்டைத் தாங்க அது கட்டிக்கொள்ளும் வித்துகள் குவிந்தன, விஷம் எகிறியது. அந்தத் துண்டைத் திரும்ப உள்ளே வைத்ததும் அடங்கியது. இதை ஜப்பானில் முன்பே கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். இருந்தாலும் தன் கையால் செய்து, தன் கண்ணால் பார்த்தபோது வாசுகிக்கு லாப்பில் ஒரு குதி குதிக்கவேண்டும் போலிருந்தது. குதித்தும்விட்டாள்.

அன்றைக்கு அந்தச் சந்தோஷத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது காது கொடுத்துக் கேட்டவர் அப்பா கமலநாதன் ஒருவர்தான். செம்பனை ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த இயந்திரமாக இருந்தாலும் அதை நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்கிற மனிதர்.

"அது எப்பவும் சொல்லிக்கிட்டே இருக்கணுமா? ஒரு தடவ சொன்னா பத்தாதா?" என்று கேட்டார்.

"பத்தாதுப்பா. ஆர்என்ஏ ரொம்ப நாளு தாங்காது, கரைஞ்சு போயிரும். புதுசு புதுசா எழுதிக்கிட்டே இருக்கணும்."

அப்பா அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அப்ப அது நான்தான்லா."

அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. ராஜம்மாவுக்குத் தங்கமான மனசு. ஊரில் யாருக்குப் பிரசவம் என்றாலும் பத்தியக் குழம்போடு முதலில் போய் நிற்பவர் அவர்தான். ஆனால் நாக்கு மட்டும் மனசைக் கேட்டுக்கொண்டு பேசாது. கோபம் வந்தால் எதிரில் இருப்பவர் ஏழு ஜென்மத்துக்கும் மறக்கமுடியாத ஒரு வாக்கியம் அவர் வாயில் தயாராகிவிடும். அது பாதி வெளியே வரும்போது அப்பா, பேப்பரிலிருந்து தலையைக்கூட எடுக்காமல், "விடுலா ராஜி" என்பார். மீதிப் பாதி உள்ளேயே போய்விடும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான். அந்த வீட்டில் பெரிய சண்டை எதுவும் வந்ததில்லை என்றால் அதற்கு இந்த இரண்டு வார்த்தைகள்தான் காரணம்.

வாசுகியின் தம்பி விஜயன் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். அவன் கட்டிக்கொண்டது மூவாரைச் சேர்ந்த ஐலீனை. கத்தோலிக்கக் குடும்பம், பாலர் பள்ளி ஆசிரியை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே வீட்டுக்கு வந்து போனவள் என்பதால் ராஜம்மாவின் நாக்கும் அவளுக்குத் தெரியும், கமலநாதனின் வைத்தியமும் தெரியும். மதம் வேறு என்று உறவில் சிலர் முணுமுணுத்தபோது, "நான்தானே கூட இருக்கப் போறேன், உங்களுக்கு என்ன?" என்று வாயை அடைத்தவர் ராஜம்மாவேதான். கோயிலில் ஒன்று, தேவாலயத்தில் ஒன்று என்று கல்யாணமும் இரண்டு தடவை நடந்தது. ராஜம்மா இரண்டுக்கும் ஒரே பட்டுப்புடவையில் போய் இரண்டு இடத்திலும் அழுதார்.

கல்யாணம் முடிந்த மறுமாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. புரிகிறது, சிரிக்கிறார், கண்ணால் கேலி செய்கிறார். ஆனால் சொல் மட்டும் தொண்டையைத் தாண்டி வரவில்லை. பாலர் பள்ளியிலிருந்து வந்ததும் ஐலீன் அவர் சக்கர நாற்காலிக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பிள்ளைகளுக்கான படப் பலகைகளை வைத்துக்கொண்டு, "இது என்னப்பா? பூனை. பூ... சொல்லுங்க," என்பாள். அவர் வாயைக் குவிப்பார். காற்றுதான் வரும். ஐலீன் கை தட்டுவாள். மாமனாருக்கும் மருமகளுக்கும் நடக்கும் இந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கும்போதெல்லாம் வாசுகி கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு நின்றுவிடுவாள். இவள் நம் வீட்டுக்கு வந்தது நாம் செய்த புண்ணியம் என்று நினைத்துக்கொள்வாள்.

இனி அண்டாவுக்கு வருவோம்.

வருஷத்துக்கு ஒருமுறை, ஒரு வெள்ளிக்கிழமையில், குடும்பமே கூடி முனியாண்டிக்குப் படையல் போடுவது வழக்கம். பழைய தோட்டத்து எல்லையில், செம்பனை மரங்களுக்கு நடுவில், தகரக் கூரை போட்ட ஒரு மேடை. அங்கேதான் சாமி. ஆட்டுக்கறிப் பெரட்டல் சமைப்பது ராஜம்மாவின் தம்பி சபாபதி. மற்ற நாளெல்லாம் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர், அன்றைக்கு மட்டும் வெள்ளை வேட்டி கட்டிய சமையல்காரர். விரதம் இருந்து, வாயில் தண்ணீர்கூடப் படாமல் விடியற்காலையில் அடுப்பு மூட்டி, ஊர் காலைப் பசியாறும் நேரத்துக்குள் முடித்துவிடுவார். அண்டாவை இறக்கியதும் வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டிவிடுவார். அதற்கு அப்புறம் சாமி பார்க்கும்வரை திறக்கக் கூடாது, ருசி பார்க்கக் கூடாது, திரும்ப அடுப்பில் ஏற்றக் கூடாது. இறக்கியதை மறுபடி சூடு பண்ணினால் சாமிக்கு மிச்சச் சோறு போட்ட மாதிரி ஆகிவிடும் என்பார் மாமா.

முன்பெல்லாம் இதனால் ஒரு குறையும் வரவில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய அண்டா நேரே மேடைக்குப் போகும், உச்சிப்பொழுதுக்குள் எல்லாரும் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். ஆனால் இப்போது குடும்பத்தில் பாதிப் பேருக்குப் பிழைப்பு சிங்கப்பூரில். அந்த வருஷம் ஜோகூரில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, சிங்கப்பூரிலோ வெள்ளி வேலை நாள். அவர்கள் வேலை முடித்து, ஜோகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தில் ஜாமில் நின்று, வந்து சேருவதற்குப் பொழுது சாய்ந்துவிடும். அதனால் பூசையைச் சாயங்காலத்துக்கு மாற்றினார்கள். சமையல் நேரத்தை மாற்றவேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அண்டா நாள் முழுக்க வேடு கட்டியபடி, வெதுவெதுப்பாக, அடுப்படி மூலையில் காத்துக்கொண்டிருந்தது.

பெர்ஃபியோடு குடித்தனம் நடத்துகிற வாசுகியும் அந்த அண்டாவைச் சுற்றித்தான் கோலம் போட்டாள். அவளுக்கும் தோன்றவில்லை. லாப்பில் இருந்தால் அது பெர்ஃபி, வீட்டில் இருந்தால் அது பெரட்டல். மூளை அப்படித்தான் அறை பிரித்து வைத்திருக்கிறது.

அன்று நீண்ட விடுமுறைக்கு முந்தின வெள்ளி. பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லையாம். விஜயனும் மற்றவர்களும் வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. பூசை முடிந்து, இலை போட்டு, எல்லாரும் பசியில் வெளுத்துக்கட்டினார்கள். ஐலீன் மட்டும் கறி தொடவில்லை. வெள்ளியென்றால் அவளுக்குப் புலால் கிடையாது, தவக்காலத்தில் கேட்கவே வேண்டாம். "வீட்டுச் சோறுதானே அத்தை, நாளைக்கு ரெண்டு மடங்கு சாப்பிடறேன்" என்று சிரித்துக்கொண்டே, ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, மற்றவர்களுக்குப் பரிமாறினாள்.

மறுநாள் விடிந்ததும் அந்த வீட்டுக் கழிப்பறை முன்னால் நின்ற வரிசையைப் பாலத்து ஜாமோடுதான் ஒப்பிடவேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெரியவர்கள் ஒருவரை ஒருவர் முந்தினார்கள். ஷாமளா அக்கா வீட்டுக் கழிப்பறையும் கடனாக வாங்கப்பட்டது. காய்ச்சல் யாருக்கும் இல்லை, வாந்தியும் அநேகமாக இல்லை, முறுக்கிப் பிழியும் வலியும் போக்கும்தான். விஜயன் கதவை உடைத்துவிடுவது போலத் தட்டிக்கொண்டிருக்க, உள்ளே உட்கார்ந்திருந்த வாசுகிக்கு ஞானம் பிறந்தது. சாப்பிட்டு ஓர் இரவு கழித்து வருகிற இந்த வலியை அவள் எத்தனை கட்டுரைகளில் படித்திருக்கிறாள்! "அலமாக், ஐயோ!" என்று உள்ளே இருந்தபடியே கத்தினாள். விஜயன் பயந்து போய்த் தட்டுவதை நிறுத்தினான்.

நோகாமல் இருந்தவர்கள் இரண்டே பேர். கஞ்சி மட்டும் குடித்த அப்பாவும், கறி தொடாத ஐலீனும். அவள் வீடு முழுக்க ஓடி ஓடிக் கஞ்சித் தண்ணீரும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரும் கொடுத்தாள், தரையைத் துடைத்தாள், ராஜம்மாவின் முதுகைத் தடவிவிட்டாள். பாயில் சுருண்டு கிடந்த ராஜம்மாவுக்கோ வலி ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். சாமிக்குப் போட்ட சோறு இப்படிச் செய்யுமா? அப்படியென்றால் எங்கோ குத்தம் நடந்திருக்கிறது. பார்வை ஐலீன் மேல் போய் நின்றது.

"எல்லாரும் விழுந்து கெடக்கோம். நீ மட்டும் எப்படி நிக்கிற?" என்றார். "சாமி சோத்த வேணாம்னு தள்ளின கை பரிமாறினா..."

அந்த இடத்தில்தான் 'விடுலா ராஜி' வரவேண்டும். வாசுகி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் இடது கையைத் தூக்கியிருந்தார். உதடு குவிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. "வ்... வ்..." என்று காற்று மட்டும் வந்தது. அதற்குள் மீதிப் பாதியும் வெளியே வந்துவிட்டது.

"...பரிமாறினா குடும்பம் விளங்குமா?"

ஐலீன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். அடுத்த வாரம், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று மூவாருக்குப் பஸ் ஏறினாள். ஈஸ்டர் வந்தது, போனது, அவள் திரும்பவில்லை. விஜயன் போய்க் கூப்பிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தான். "அம்மா மனசுல அப்படி இருக்கறப்ப நான் எப்படி அங்க சோறு போடறது?" என்று கேட்டாளாம். முக்காலி அப்பாவின் நாற்காலிக்கு எதிரே காலியாகக் கிடந்தது. அவர் படப் பலகையைத் தொடவே மறுத்துவிட்டார்.

ராஜம்மாவிடம் வாசுகி பேசிப் பார்த்தாள். "ஐலீன் மேல தப்பே இல்லம்மா. அண்டா ஆறிக்கிட்டே கெடந்துச்சு, கிருமி வளந்துருச்சு."

"என் தம்பி சமைச்சதுல கிருமியா? எத்தன வருஷமா சமைக்கிறான்! போடி, ஒன் லாப்ப லாப்லயே வெச்சுக்க."

ஆக, ஐலீனைக் காப்பாற்றவேண்டுமென்றால் பழியைச் சபாபதி மாமா தலையில்தான் இறக்கவேண்டும். வாசுகிக்கு அது கசந்தது. சின்ன வயதில் லாரியில் அவளை முன்னால் உட்காரவைத்து ஹாரன் அடிக்கவிட்ட மாமா. வருஷத்தில் அந்த ஒருநாள் வெள்ளை வேட்டிதான் அவருக்கு ராஜ உடை. அதில் போய் எப்படிச் சேறு பூசுவது? ஒருவேளை தன் ஊகம் தப்பாக இருந்தால் நன்றாயிருக்குமே என்றுகூட ஆசைப்பட்டாள்.

அன்றைக்கு மிஞ்சிய கறியைக் கீழே கொட்ட மனசு வராமல் ராஜம்மா ஒரு டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைத்திருந்தார். படையலுக்கு மறுவாரமே வாசுகி அதைக் கொண்டுபோயிருந்தாள். பரிசோதிக்க டாக்டர் நோராய்னி அனுமதி கொடுத்தார், ஆனால் நம் பெர்ஃபி வளரும் அறைப்பக்கம் அது வரவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கறியிலிருந்து கிருமி வளர்த்த தட்டைத் திறந்தபோது கறுப்புப் புள்ளிகள் நெருக்கமாகப் பூத்திருந்தன. பெர்ஃபிதான், சந்தேகத்துக்கு இடமில்லை. வழக்கமாக அந்தப் புள்ளிகளைப் பார்த்தால் சிரிப்பவள் அன்றைக்குத் தட்டை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

அதற்குள் பரிகாரப் படையலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. ராஜம்மாதான் குறித்தார். ஈஸ்டருக்கு அப்புறம், ஒரு சனிக்கிழமை. வெள்ளிதானே வழக்கம் என்று விஜயன் கேட்டதற்கு, "சனிக்கிழமன்னா சனிக்கிழமதான்" என்றார். ஐலீன் வரலாமா என்று வாசுகி கேட்டதற்கு, "வர்றவங்க வரட்டும், யாரு காலையும் நான் கட்டி வெக்கல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதை அழைப்பு என்று எடுத்துக்கொண்டு யார் வருவார்கள்?

வேறு வழியில்லாமல் வாசுகி மாமாவைத் தேடிப் போனாள். ஆலை வாசலில் எடை மேடைக்காக லாரிகள் வரிசையில் நின்றன. மாமாவின் லாரியில் ஏறி, அவள் சின்ன வயதில் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். சுற்றி வளைத்து, பெர்ஃபியின் கதையைத் தொடங்கினாள். அதன் வித்து கொதியிலும் சாகாது. அண்டா ஆறும்போது அது முளைத்துக் கோடிக்கணக்கில் பெருகும். அண்டாவில் அனேகமாக விஷமே இருக்காது. சாப்பிட்டவர் குடலுக்குள் போய்த்தான் அது மறுபடி வித்துக் கட்டும், அப்போதுதான் விஷ மரபணு விழிக்கும்.

"அப்ப அதுக்குள்ள தடுக்கிற ஆளு ஒண்ணு இருக்குன்னு ஒங்கப்பன் சொல்வாரே? சின்னது?"

வாசுகிக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பா இதையெல்லாம் மாமாவிடம் சொல்லியிருக்கிறாரா? "இருக்கு மாமா. அது நேரா விஷத்தோட வாயப் பொத்தாது. வித்துக் கட்டற வேலைய ஆரம்பிச்சு வெக்கறவங்களக் கொறைச்சிரும். வேலை நடக்காட்டி விஷமும் இல்ல."

"பெறகு ஏன் நம்ம வயித்துக்குள்ள மட்டும் சும்மா இருந்துச்சு?"

"சும்மா இல்ல மாமா. அது இல்லாட்டி இன்னும் மோசமாயிருக்கும். ஆனா கொடலுக்குள்ள அது ஏன் தோத்துப் போகுதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. அதத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்."

மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் கட்டின வேடு," என்றார். "ஆறவிட்டது நான்." வாசுகி தலையாட்டினாள். அவளுக்கு அழுகை வந்தது. "அந்தப் புள்ள மூவார்ல இருக்கிறது என்னாலயா?" இதற்கு அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வரிசை நகர்ந்தது. "எறங்கு வாசு, எடை போடணும்," என்று மட்டும் சொன்னார். அவர் குரல் அவருடையதாக இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம், இன்னொரு மனிதரையும் உடைத்துவிட்டோம் என்று வாசுகி தன்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

சனிக்கிழமை விடியலில் மாமா வந்தார். வெள்ளை வேட்டி, விரத முகம். நேரே போய் அடுப்பை மூட்டினார். சிங்கப்பூர்க்காரர்களில் சிலருக்குச் சனியும் வேலை என்பதால் பூசை இந்தத் தடவையும் சாயங்காலம்தான். கறி வெந்தது. வழக்கத்தைவிடத் தண்ணீர் கூடுதலாக ஊற்றியிருந்தார். அண்டாவின் வாயில் துணியைக் கட்டினார். ஆனால் இறக்கவில்லை. கட்டைகளை மட்டும் இழுத்துவிட்டு, அடியில் ஒரு தட்டில் கங்குகளைப் பரப்பி, கரி போட்டார்.

ராஜம்மா ஓடி வந்தார். "என்னடா இது? எறக்கு! மறுபடி சூடு பண்ணக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ!"

"மறுபடி எங்கக்கா பண்றேன்? எறக்கினாத்தானே மறுபடி ஏத்தணும்? நான் எறக்கவே இல்லியே." அப்புறம் வாசுகியிடம் திரும்பினார். "ஒன்னோட சின்னத நம்பிப் பிரயோசனம் இல்ல. நெருப்பத்தான் நம்பணும். கங்கு அணையக் கூடாது, பாத்துக்க." வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எங்கே என்று சொல்லாமல் கிளம்பிவிட்டார்.

வாசுகி நாள் முழுக்க அண்டாவுக்குக் காவல் இருந்தாள். கரி தள்ளினாள், ஊதினாள். அவ்வப்போது அண்டாவின் வயிற்றில் விரலை வைத்துச் சுட்டுக்கொண்டு திருப்திப்பட்டாள். லாப்பில் இப்படிச் செய்தால் டாக்டர் நோராய்னி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். மாமா ஒரு சட்டத்தையும் மீறாமல் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டதை நினைத்து அவளுக்குச் சிரிப்பும் பெருமையுமாக வந்தது. உடைந்துபோயிருக்கிறார் என்றல்லவா பயந்தோம்!

வெயில் இறங்கும் நேரம். மேடை முன்னால் எல்லாரும் கூடியிருந்தார்கள். அப்பாவின் சக்கர நாற்காலியை விஜயன் மரத்தடியில் நிறுத்தியிருந்தான். அண்டா கங்குத் தட்டோடு மேடைக்கே வந்து கொதித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் மாமாவின் கார் வந்து நின்றது. முன் கதவு திறந்தது. இறங்கியது ஐலீன்.

யாரும் வாய் திறப்பதற்குள் மாமா மேடைப் பக்கம் போய் நின்றார். பேசிப் பழக்கமில்லாத மனிதர். சாமியைப் பார்த்துக்கொண்டே பேசினார், அதனால் முதுகுதான் தெரிந்தது.

"அன்னிக்கு எல்லாரும் படுத்ததுக்குக் காரணம் நான். அண்டாவ எறக்கி ஆறவிட்டது நான்தான். வாசு லாப்ல பாத்துட்டா. இந்தப் புள்ளைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. காலையில மூவாருக்குப் போயி அவங்க அம்மா முன்னாலயும் சொல்லிட்டேன். குத்தம்னா அது என்னோட குத்தம்."

ராஜம்மாவின் முகம் சிவந்தது. இத்தனை நாளும் மருமகளைத் துரத்திவிட்டோம் என்று நெஞ்சுக்குள் அரித்துக்கொண்டிருந்ததெல்லாம் ஒரே மூச்சில் திசை மாறித் தம்பி மேல் பாய்ந்தது. "பாவி! அப்ப நீயாடா? ஒன்னாலயாடா என் வாயில அந்த வார்த்த வந்துச்சு? இந்த மனுசன் இப்படிக் கெடக்கறப்ப என் வீட்ட ரெண்டாக்கிட்டியே! இனிமே நீ கரண்டியத் தொட்டா..."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். மீதிப் பாதி என்னவாக இருக்கும் என்று வாசுகிக்குத் தெரியும். அது வெளியே வந்தால் மாமா இனி அந்த வெள்ளை வேட்டியைக் கட்டவே மாட்டார். அவள் அம்மாவை நோக்கி ஓரடி வைத்தாள்.

அதற்கு முன் ஐலீன் ராஜம்மா பக்கத்தில் போய் நின்றுவிட்டாள். மாமியாரின் தோளில் கையை வைத்து, சத்தமே போடாமல், பாலர் பள்ளிப் பிள்ளையிடம் பேசுவது போலச் சொன்னாள்.

"விடுங்கலா அத்தை."

ராஜம்மாவின் வாய் அப்படியே நின்றது. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவரை யாரும் நிறுத்தியதில்லை. நிறுத்தப்படுவது எப்படியிருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. மெல்லத் திரும்பி மரத்தடியைப் பார்த்தார். கமலநாதன் இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, இரண்டும்தான். வாசுகியால் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட முடியவில்லை, கையெல்லாம் கரி.

பூசை முடிந்தது. மாமா துணியை அவிழ்த்தபோது ஆவி குப்பென்று எழும்பியது. கறி கரைந்து, பெரட்டல் கிட்டத்தட்டக் குழம்பாகியிருந்தது. ராஜம்மா எட்டிப் பார்த்து, "தண்ணியாட்டம் இருக்கு," என்றார். கரண்டியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, முதல் இலையைத் தானே எடுத்து ஐலீன் முன்னால் போட்டார்.

"உக்காரு. மொதல்ல நீ சாப்பிடு," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல் இலையில் தண்ணீர் தெளித்தபடி. "வெள்ளிக்கிழம வெச்சா நீ கறி தொட மாட்டியேன்னுதான் சனிக்கிழம வெச்சேன்."